மே மாத ஹாலில் இரைச்சல் இல்லாமல் படம் பார்க்க எந்த மதர்போர்டு?

கேள்வி: வணக்கம் அண்ணா. காட்பாடி காந்தி நகரில் மேல் தளத்தில் குடியிருக்கிறோம். ஹாலில் 55 இஞ்ச் 4கே டிவி. அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டரை (4ஆம் தலைமுறை ஐ3, எச்81 போர்டு) இணைத்து, சேர்த்து வைத்திருக்கும் படங்கள், கச்சேரி வீடியோக்கள், யூடியூப் எல்லாம் பார்க்கிறோம். கேம் யாரும் விளையாடுவதில்லை. பிரச்சினை சத்தம். பழைய படம் ஓடினால் பரவாயில்லை, புதிய படம் போட்டால் ஃபேன் இரைய ஆரம்பித்துவிடுகிறது. ஏப்ரல், மே என்றால் கேட்கவே வேண்டாம். அம்மா ஹாலில்தான் படுக்கிறார், தூக்கம் கெடுகிறது. புதிதாக அசெம்பிள் செய்யலாம் என்று கடையில் கேட்டால், எக்ஸ்570 மதர்போர்டும் ரைசன் 5600ஜி பிராசசரும் சொல்கிறார்கள். 'எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் பாருங்க, சூடே ஆகாது' என்று போர்டின் மேலுள்ள அலுமினியக் கட்டிகளைக் காட்டுகிறார்கள். நண்பரோ ஃபேனே இல்லாத கம்ப்யூட்டராகப் போடச் சொல்கிறார். கம்ப்யூட்டர் வைக்கும் இடம் கதவு போட்ட தேக்கு டிவி யூனிட்டுக்குள். எந்த மதர்போர்டு வாங்கினால் சூடும் சத்தமும் இல்லாமல் இருக்கும்?

பதில்: தம்பி, வணக்கம். அந்த எக்ஸ்570 போர்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் வேறு போர்டாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது மட்டமான போர்டு என்று நான் சொல்லவில்லை. வேகமான எஸ்எஸ்டி இரண்டு மூன்று போட்டு, பெரிய கிராபிக்ஸ் கார்டும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அது நல்ல போர்டுதான். உங்கள் ஹாலில், அந்த மரப்பெட்டிக்குள், அதற்கு வேலை இல்லை.

முதலில் உங்கள் பழைய கம்ப்யூட்டர் ஏன் இரைகிறது என்று பார்த்துவிடுவோம். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. பழைய படத்துக்கு அமைதி, புதிய படத்துக்கு இரைச்சல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய படக் கோப்புகள் பெரும்பாலும் எச்.264 அல்லது அதற்கும் முந்தைய வகையில் சுருக்கப்பட்டவை. அவற்றை விரித்துக் காட்ட உங்கள் ஐ3-இன் கிராபிக்ஸ் பகுதியிலேயே தனிச் சுற்று இருக்கிறது. அது செய்யும்போது பிராசசர் சும்மா உட்கார்ந்திருக்கும். இப்போது வரும் 4கே படங்கள் எச்இவிசி வகை, யூடியூபில் விபி9, ஏவி1 வகைகள். 4ஆம் தலைமுறை ஐ3-இல் இவற்றுக்கான முழுச் சுற்று கிடையாது. அதனால் அந்தச் சுமை முழுக்கப் பிராசசரின் கோர்கள் மேல் விழுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பழைய படம், ஒரு புதிய 4கே படம் என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். சிபியு சதவீதம் எங்கே ஏறுகிறதோ அங்கேதான் ஃபேனும் இரையும்.

ஆக, உங்களுக்கு வேண்டியது இந்த வேலையைத் தனிச் சுற்றிலேயே முடிக்கிற பிராசசர். இன்டெலில் 10 பிட் எச்இவிசிக்கும் விபி9-க்கும் 7ஆம் தலைமுறையிலிருந்து அந்தச் சுற்று வந்தது. ஏவி1-க்கு 11ஆம் தலைமுறையிலிருந்து. கடைக்காரர் சொன்ன ஏஎம்டி ரைசன் 5600ஜி எச்இவிசியை நன்றாகவே ஓட்டும், ஏவி1-க்கு மட்டும் அதில் சுற்று இல்லை. இன்றைக்குப் புதிதாகப் பணம் போடும்போது ஏவி1 இல்லாத ஒன்றை ஏன் வாங்க வேண்டும்?

இனி போர்டுக்கு வருகிறேன். எக்ஸ்570 வெளிவந்தது 2019-இல். எஸ்எஸ்டியும் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரோடு பேசும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ. அதன் 4.0 வேகத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதலில் கொண்டுவந்த சிப்செட், அதாவது போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சிப், அது. அந்த வேகத்துக்காகவே அது சுமார் 11 வாட் சூட்டைக் கக்கும். அதனால்தான் பெரும்பாலான எக்ஸ்570 போர்டுகளில் சிப்செட்டின் மேல் சின்னதாக ஒரு ஃபேன் வைத்தார்கள். உங்கள் பழைய எச்81 போர்டின் சிப்செட் எவ்வளவு தெரியுமா? 4 வாட் சொச்சம்தான். சூடு குறைய வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு, இருப்பதைவிட இரண்டரை மடங்கு சூடான சிப்செட்டைக் காட்டியிருக்கிறார்கள். அதைவிட வருத்தம் ஒன்று உண்டு. 5600ஜி பிராசசர் பிசிஐஇ 3.0 வரைதான் பேசும். எந்த வேகத்துக்காக அந்தச் சிப்செட் சூடாகிறதோ, அந்த வேகம் பிராசசருக்குப் போய்ச் சேராது. அதே பிராசசரைத்தான் வாங்குவேன் என்றால் 2020-இல் வந்த பி550 போர்டு போதும். அதன் சிப்செட்டுக்கு ஃபேனே தேவையில்லை.

அந்தச் சின்ன ஃபேனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல போர்டுகளில் சிப்செட் ஒரு அளவுக்குச் சூடாகும்வரை அது சுழலாது. குளிர்ந்த ஊரில் வைத்திருப்பவர்கள் 'ஃபேன் ஓடுவதே தெரியவில்லை' என்று எழுதுவது அதனால்தான். நம் ஊரில் கத்திரி வெயிலில் அது நிற்காது. அளவில் சிறிய ஃபேன் போதுமான காற்றைத் தள்ள வேண்டுமானால் வேகமாகச் சுழல வேண்டும், வேகமாகச் சுழன்றால் கீச்சென்று உச்சத்தில் பாடும். பெரிய ஃபேனின் 'உஸ்' சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும். இந்தக் கீச்சுச் சத்தத்தை மறக்காது. தூசி ஏறி புஷ் தேய்ந்துபோனால் அம்மாவுக்கு நிச்சயம் தூக்கம் வராது.

சூட்டைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். யூடியூபில் மதர்போர்டு விமர்சனம் செய்கிறவர்கள் 22 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் மின்சாரப் பகுதி 60 டிகிரி காட்டுகிறது. அதாவது அறையைவிட 38 டிகிரி அதிகம். இந்த 38 தான் போர்டு தானாக உண்டாக்கிய ஏற்றம். வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிப்போன விஷயம். மேல் தளம் வேறு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலத்திலிருந்து ஹாலுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். ஹால் 38 டிகிரி என்றால் அதே போர்டு 76 காட்டும். கதவு மூடிய டிவி யூனிட்டுக்குள் 45 என்றால் 83. போர்டு மாறவில்லை, பிராசசர் மாறவில்லை, ஊர் மட்டும் மாறியிருக்கிறது.

அறைச் சூட்டை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஹாலுக்கு ஏசி போட்டாலும் நாள் முழுக்க ஓடப்போவதில்லை. நம் கையில் இருப்பது அந்த 38 மட்டும்தான். அது செலவாகும் வாட்டைப் பொறுத்தது. வாட் பாதியானால் ஏற்றமும் ஏறக்குறைய பாதியாகும். 45-உடன் 19-ஐக் கூட்டினால் 64 டிகிரிதான். எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் வைத்தாலும், அது சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுமே தவிர இல்லாமல் ஆக்காது. மரப்பெட்டிக்குள் அந்தச் சூடு வேறு எங்கே போகும்? அதனால் போர்டு வாங்கும்போது ஹீட்சிங்க் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு வாட் தின்னும் என்று கேளுங்கள்.

ஒரு போர்டில் சூடு வருவது முக்கியமாக மூன்று இடங்களில். சிப்செட்டைச் சொல்லிவிட்டேன். இன்டெலின் சிப்செட்டுகளில் எச்610, பி660, பி760 எல்லாமே 6 வாட் அளவுதான், ஒரு சின்ன அலுமினியத் துண்டு போதும். ஏஎம்டியில் பி650-இல் ஒரு சிப் இருக்கிறது, எக்ஸ்670-இல் அதே போன்ற இரண்டு சிப் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு தேவையே இல்லை.

இரண்டாவது, விஆர்எம். எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து வரும் 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி. பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சதுரக் கருப்புக் காயில்களும் பக்கத்திலுள்ள மாஸ்ஃபெட் என்னும் சின்ன ஸ்விட்ச் சிப்புகளும்தான் அது. இறக்கும்போது பத்துப் பதினைந்து சதவீதம் சூடாக வீணாகும். பிராசசர் 100 வாட் இழுத்தால் இங்கே மட்டும் பத்துப் பதினைந்து வாட் சூடு. 15 வாட் இழுத்தால் சுமார் இரண்டு வாட்தான்.

இந்தப் பகுதிக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. கோடை முடிந்து ஜூன், ஜூலையில் என் மேசைக்கு வரும் போர்டுகளைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கப் போர்ட்டுகளுக்கும் பிராசசர் சாக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடம் மட்டும் பழுப்பேறி இருக்கும். முன்பக்கம் ஹீட்சிங்க்கைக் கழற்றினால், கீழே இருந்த தெர்மல் பேட் அப்பளம் மாதிரி நொறுங்கி விரலோடு வரும். பழைய வகை கெப்பாசிட்டர் என்றால் தலை உப்பியிருக்கும், சில சமயம் அடியில் பிசுபிசுப்பான கறை தெரியும். எலெக்ட்ரோலைட் கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இப்போது வரும் திட பாலிமர் வகைக்கு 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு என்று கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் சூட்டைக் குறைப்பது சத்தத்துக்காக மட்டுமில்லை, போர்டு எத்தனை வருடம் உழைக்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, போர்டில் கூடுதலாகச் சேர்த்திருக்கும் சங்கதிகள். இரண்டு லேன், கூடுதல் யுஎஸ்பி சிப், கலர் கலராய் எரியும் விளக்கு. ஒவ்வொன்றும் ஒரு வாட், இரண்டு வாட் என்று நாள் முழுக்கத் தின்னும். விலையுயர்ந்த போர்டு சும்மா இருக்கும்போதுகூடச் சாதாரண போர்டைவிட அதிகம் இழுப்பது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது? உங்கள் தேவை படம், பாட்டு, யூடியூப் மட்டும்தான் என்றால், இன்டெல் என்100 பிராசசர் போர்டிலேயே பற்றவைத்து வரும் மதர்போர்டைத்தான் முதலில் சொல்வேன். 2023-இல் வந்தது, கணக்குப்படி 6 வாட் பிராசசர். எச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றுக்கும் சுற்று இருக்கிறது. ஆசஸ், ஆஸ்ராக் இரண்டுமே இதில் மினி ஐடிஎக்ஸ் என்னும் குட்டி அளவில் போர்டு போட்டிருக்கிறார்கள், மேலே ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்கோடு வரும். ஆஸ்ராக்கில் ஒரு வகைக்கு லேப்டாப் மாதிரி 19 வோல்ட் அடாப்டர் செருகினால் போதும், எஸ்எம்பிஎஸ்ஸே வேண்டாம். அடாப்டரின் சூடும் பெட்டிக்கு வெளியே போய்விடும். இந்த ஒன்றுக்காகவே உங்கள் டிவி யூனிட்டுக்கு அது பொருத்தம் என்று நினைக்கிறேன். இதன் குறை என்னவென்றால், ரேம் ஒரே சேனல்தான், பிராசசரைப் பின்னால் மாற்ற முடியாது, கனமான வேலை கொடுத்தால் திணறும். படம் பார்க்க 8 ஜிபி ரேம் தாராளம்.

வீட்டில் யாராவது அதே கம்ப்யூட்டரில் படிப்பு வேலை, கொஞ்சம் வீடியோ எடிட்டிங் என்று செய்யப்போகிறார்கள் என்றால் ஐ3-12100 அல்லது ஐ3-14100 போடுங்கள். இரண்டும் 60 வாட் வகை, இரண்டிலும் ஏவி1 சுற்று உண்டு. பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்று எழுத்து வந்தால் வாங்காதீர்கள், அதில் கிராபிக்ஸ் கிடையாது, டிவிக்குப் படமே வராது. போர்டு பி660 அல்லது பி760, மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு. ஐ3-க்கு எச்610 போர்டும் தாங்கும்தான். ஆனால் விலை குறைந்த எச்610 பலவற்றில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க் இருக்காது, ஃபேன் இணைப்புகளும் குறைவாக இருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு விஆர்எம் மேல் சின்னதாகவாவது ஒரு ஹீட்சிங்க் இருப்பது நல்லது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து பி760-க்குப் போய்விடுங்கள். ஏஎம்டிதான் வேண்டும் என்றால் பி650 போர்டில் ரைசன் 8500ஜி அல்லது 8600ஜி, போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் 45 வாட்டுக்குக் கட்டிப்போட்டு ஓட்டலாம்.

ஹோம் தியேட்டர் என்றாலே குட்டி மினி ஐடிஎக்ஸ் போர்டுதான் என்று ஒரு எண்ணம் பரவிக் கிடக்கிறது. என்100-க்கு அது சரி. ஐ3 போட்டால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 17 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் விஆர்எம், எஸ்எஸ்டி, சிப்செட் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறும். விலையும் கூட. உங்கள் யூனிட்டில் இடம் இருந்தால் 24.4 சென்டிமீட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்குங்கள், நான்கு விரல் இடைவெளிவிட்டு எல்லாம் மூச்சு விடட்டும்.

எந்தப் போர்டானாலும் பணம் கொடுக்கும் முன் எச்டிஎம்ஐ போர்ட் எந்தப் பதிப்பு என்று பெட்டியில் அல்லது கம்பெனியின் விவரத் தாளில் பாருங்கள். 1.4 என்று இருந்தால் 4கே படம் விநாடிக்கு 30 ஃபிரேமோடு நின்றுவிடும், மவுஸ் அசைப்பதே இழுவையாகத் தெரியும். 2.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அப்போதுதான் 60 கிடைக்கும். விலை குறைந்த சில போர்டுகளில் இன்னும் 1.4 வருகிறது. வேலூரில் கேட்ட போர்டு கிடைக்காமல், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் இதை முதலில் கேளுங்கள். போர்டின் முழு மாடல் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பி760-இல் பத்து வகை இருக்கும், 'அதுதான் சார் இது' என்று பக்கத்து மாடலைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் நண்பரின் யோசனை. ஃபேனே இல்லாமல் போடலாமா? திறந்த மேசையில், ஏசி அறையில் என்றால் போடலாம். நீங்கள் சொல்லும் இடத்தில் வேண்டாம். ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் வேலை செய்வதே சூடான காற்று மேலே எழும்பி, குளிர்ந்த காற்று கீழிருந்து வருவதால்தான். கதவு சாத்திய மரப்பெட்டிக்குள் மேலே எழும்பிய காற்று அங்கேயே சுற்றி வரும். மரம் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. ஒரு படம் முடிவதற்குள் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில். சிப்செட்டின் மேலே ஃபேன் வேண்டாம், கேபினட்டில் 12 சென்டிமீட்டர் ஃபேன் ஒன்று, மெதுவாக. 40 வாட் சூட்டை, காற்று 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியே தள்ள நிமிடத்துக்கு 400 லிட்டருக்குச் சற்று மேல் காற்று போதும். நல்ல 12 சென்டிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 700 சுற்றில் அதைச் சிரமமில்லாமல் தள்ளும். என்100 என்றால் அந்த அளவுக்குக்கூடத் தேவை இருக்காது. ஃபேனின் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும், அதாவது காதுக்கு மிகப் பெரிய வித்தியாசம். 1,400 சுற்றில் இரையும் அதே ஃபேன் 700 சுற்றில் ஓடும்போது, இரண்டு அடி தள்ளி நின்றால் சுழல்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஐ3 போட்டால் அதற்குப் பெட்டியோடு வரும் கூலர் வேண்டாம். கீழ்நோக்கி ஊதும் சற்றுப் பெரிய கூலர் ஒன்று வாங்குங்கள். நிமிர்ந்து நிற்கும் டவர் வகை பிராசசரை மட்டும் குளிர்விக்கும், கீழ்நோக்கி ஊதுவது சுற்றியிருக்கும் விஆர்எம் மேலும் காற்றடிக்கும்.

தண்ணீர்க் கூலர் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பம்ப்பின் முனகல் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

போர்டைவிட எனக்கு உங்கள் டிவி யூனிட்டைப் பற்றித்தான் கவலை அதிகம். தேக்கில் ஆசையாகச் செய்தது, ஓட்டை போட மனசு வராது. ஆனால் செய்தே ஆக வேண்டும். கார்பெண்டரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் வைக்கும் அறையின் பின்பலகையில் மேல் பக்கமாக ஒரு கை அகலத்துக்கு நீளவாக்கில் திறப்பு வெட்டச் சொல்லுங்கள். அதே அளவு திறப்பு அடியில் முன்பக்கமாக. கீழே காற்று வரவும் மேலே போகவும் வழி வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. முன்கதவு கண்ணாடி என்றால் அதற்குப் பதில் பிரம்பு வலையோ ஜாலியோ போட்டுவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், ரிமோட்டும் வேலை செய்யும். யூனிட் சுவரோடு ஒட்டி நிற்கிறதா? பின்னால் திறப்பு வெட்டினாலும் சுவர் அடைத்துக்கொள்ளும். மூன்று நான்கு விரல் முன்னே இழுத்து வையுங்கள். மேற்குச் சுவர் என்றால் அந்தச் சுவரே சாயங்காலம் சுடும், இடைவெளியைக் கூட்டுங்கள்.

அதே அறையில் செட்டாப் பாக்ஸ், வைஃபை மோடம், ஆம்ப்ளிஃபயர் என்று அடுக்கியிருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே கம்ப்யூட்டரை வைக்கவே கூடாது. இருப்பதிலேயே அதிகம் சூடாவது ஆம்ப்தான், அதன் காற்று நேராக உங்கள் போர்டுக்குள் போகும். கம்ப்யூட்டர் கீழ்த் தட்டில், ஆம்ப் மேல் தட்டில். செட்டாப் பாக்ஸைத் தனித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அசெம்பிள் செய்து முடித்ததும் பயாஸில் கொஞ்சம் வேலை இருக்கிறது. இதைக் கடையில் செய்து தர மாட்டார்கள், நீங்களே பொறுமையாகச் செய்யலாம். பல போர்டுகள் பிராசசரின் வாட் வரம்பைத் தாராளமாகத் திறந்துவிட்டு வரும், போட்டியில் வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஐ3 என்றால் பவர் லிமிட் 1 என்பதை 35 வாட்டாகவும், பவர் லிமிட் 2 என்பதை 45 வாட்டாகவும் எழுதுங்கள். படம் பார்ப்பதில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் படத்தை ஓட்டுவது தனிச் சுற்று. என்100 போர்டிலும் இந்த வரம்பு 6 வாட்டுக்கு மேலே வைக்கப்பட்டிருக்கலாம், பார்த்துக் குறையுங்கள்.

அப்புறம் ஃபேன். மூன்று பின் ஃபேனைச் செருகிவிட்டு பயாஸில் பிடபிள்யூஎம் என்று விட்டுவிட்டால், அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். 'புது கம்ப்யூட்டர் பழையதைவிட இரைகிறது' என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மூன்று பின்னுக்கு டிசி, நான்கு பின்னுக்கு பிடபிள்யூஎம் என்று மாற்றுங்கள். கேபினட் ஃபேன் எந்தச் சூட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் சிபியு என்பதை விட்டு, மதர்போர்டு அல்லது சிஸ்டம் என்று தேர்ந்தெடுங்கள். பிராசசரின் சூடு ஒரு விநாடியில் 15 டிகிரி ஏறி இறங்கும். அதைப் பார்த்து ஓடும் ஃபேன் உய்ங் என்று ஏறி, அடங்கி, மறுபடி ஏறும். ஒரே சீராக ஓடும் சத்தம் தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யாது, ஏறி இறங்குவதுதான் எழுப்பிவிடும். வேகம் மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தை அமைக்கும் வசதி இருந்தால் உள்ளதிலேயே அதிகமானதை வையுங்கள். இதையெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, அம்மா படுக்கும் இடத்தில் உட்கார்ந்து காதால் கேட்டு அமையுங்கள். பகலில் செய்தால் தெருச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது.

மற்றவை சுருக்கமாக. விண்டோஸுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும், பிசிஐஇ ஜென் 3 வகையே வாங்குங்கள், ஜென் 4, 5 எல்லாம் சூடு அதிகம். படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை நேராகத் தேக்குப் பலகை மேல் வைக்காதீர்கள், பலகை அதன் அதிர்வை வாங்கிப் பெரிதாக்கும். அடியில் ரப்பர் துண்டு கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் போடுவதாக இருந்தால் 12 சென்டிமீட்டர் ஃபேன் உள்ள, 80 பிளஸ் முத்திரை பெற்ற 450 வாட் போதும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ், சீலிங் ஃபேன் எல்லாம் ஹூம் என்று முனகும், அதைக் கம்ப்யூட்டரின் குறை என்று நினைக்காதீர்கள். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், கரண்ட் போய் வரும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

ஓடிடி படங்களுக்கு டிவியில் இருக்கும் ஆப்பையே பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டர் பிரவுசரில் பல ஓடிடிகள் 4கே தருவதில்லை. டிவி ரிமோட்டும் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் வேலை செய்யாது, யுஎஸ்பியில் செருகும் ஏர் மவுஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அப்பா அம்மாவுக்கும் சுலபம்.

வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறந்ததும், கேபினட்டைத் திறந்து ப்ளோயரில் தூசி ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்றின் வேகத்தில் அது கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் கெட்டுவிடும்.

பழைய எச்81 கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் கேபினட் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு என்றால் புதுப் போர்டு அதிலேயே பொருந்தும், பின்பக்கம் 12 சென்டிமீட்டர் ஃபேனுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள். இருந்தால் கேபினட் செலவு மிச்சம், அந்தக் காசில் கார்பெண்டர் கூலி முடிந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் இடத்தின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், எந்தக் கூலர் உள்ளே நுழையும் என்று பார்த்துச் சொல்கிறேன்.